முதல் படியில் நின்ற ஷாக் அப்சர்

அத்தியாயம் 7

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற பைக்கில் சௌடம்மாள் ஏறி உட்கார்ந்ததும் அது ஒருமுறை முனகியது. பிறகு மெல்ல இறங்கியது. பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கின.

"யக்கா, சாட்சி சொல்றதுக்கு முந்தியே வண்டி செத்துரும்போல இருக்கு," என்றான் பாண்டிராஜ்.

"எறங்குங்கம்மா! அது எவிடென்ஸு!" ஸ்டேஷனுக்குள்ளிருந்து சப்-இன்ஸ்பெக்டர் முத்துராஜ் வேகமாக வந்தார்.

சௌடம்மாள் இறங்கவில்லை. எவிடென்ஸின் மேல் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. இரண்டும் ஒரே மாதிரி வேலைதான் என்பாள். வயது நாற்பத்திரண்டு. எடை தொண்ணூற்றெட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால். உதவியாளன் பாண்டிராஜுக்கு எடை ஐம்பத்திரண்டு. அதில் பாதி வாய்.

காணாமல் போனவன் சந்தீப். விசைத்தறி முதலாளி திம்மையாவின் ஒரே மகன். நூற்று இருபத்தெட்டு கிலோ ஆள். அடுத்த மாதம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த பைக்கில் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. திங்கட்கிழமை திருச்சுழி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் வண்டி மட்டும் கிடைத்தது. அன்று இரவே போலீஸ், சந்தீப்பின் சிநேகிதன் பிரவின்குமாரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டது. பிரவின் ஒரு பைக் மெக்கானிக். இன்று காலை அவனுடைய அக்கா தேவிபிரியா அழுதுகொண்டே ஜெராக்ஸ் கடை மாடி ஏறியதால்தான் சௌடம்மாள் இங்கே உட்கார்ந்திருந்தாள்.

"பிரவினை எதை வச்சுப் பிடிச்சீக?" என்று கேட்டாள்.

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதை வச்சுத்தான்." முத்துராஜ் பைக்குக்குப் பின்னால் குனிந்தார். தன் மூளையைக் காட்சிக்கு வைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் தெரிந்தது. "இந்த ஷாக் அப்சர்ல அஞ்சு படி இருக்கு. ஒண்ணு மெத்து, அஞ்சு கெட்டி. சந்தீப்புக்கு வண்டி அடிக்கடி கீழ இடிக்குதுன்னு, சனிக்கிழமை பிரவின்தான் கனமான ஸ்பிரிங் மாத்தி அஞ்சாவது படியில வச்சுக் கொடுத்திருக்கான். இப்ப பாருங்க. ரெண்டு பக்கமும் முதல் படியில நிக்குது."

"திருச்சுழியில இருந்து இங்க யாரு ஓட்டிட்டு வந்தா?"

"யாரும் ஓட்டல. மினி லாரியில ஏத்திக் கொண்டாந்தோம். அப்ப சந்தீப்புக்குப் பிறகு யாரோ ஒரு ஒல்லியான ஆள் இதை ஓட்டியிருக்கான். தனக்குத் தோதா படியைக் குறைச்சிருக்கான். பிரவின் வெயிட்டு அம்பத்தெட்டு. படியைத் திருகுற கொக்கி ஸ்பேனர் வண்டியிலயே கெடந்துச்சு. அதுல அவன் கடைப் பேரு. சனிக்கிழமை ரெண்டு பேரும் கடை வாசல்ல சண்டை போட்டதைத் தெருவே பாத்திருக்கு. டூவீலர் ஸ்டாண்டுல கேட்டோம், வண்டியை விட்டது ஒல்லியான ஆள்தான்னு சொல்லிட்டாங்க. வேற என்னம்மா வேணும்?"

"சந்தீப்பு வேணும்."

"அதைப் பிரவின் சொல்லணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேஸ் எழுதுறேன்."

சௌடம்மாளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஆள் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. இறங்குவதற்கு முன் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏலே பாண்டி, இந்தக் கண்ணாடியில எனக்கு என் வயிறு மட்டுந்தான் தெரியுது."

"மத்ததெல்லாம் தெரிய எடம் வேணும்லக்கா."

பிரவினை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்கள். வாசல் நிலையில் இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்து வந்தான். ஆறடிக்குக் குறையாத உயரம். இரவெல்லாம் தூங்காத கண்.

"சண்டை போட்டது நெசந்தான்க்கா. ரெண்டு பேரு உக்காந்தாலும் வண்டி கீழ இடிக்கக் கூடாதுன்னு கேட்டான். கல்யாணம் ஆகப்போகுதுல்ல, அவுகளையும் வச்சு ஓட்டணும்னான். நான் தமாசா, 'நீ பாதியா எளைச்சா பழைய ஸ்பிரிங்கே போதுமே'ன்னு சொன்னேன். இதை விட மோசமால்லாம் சொல்லியிருக்கேன், சிரிப்பான். அன்னைக்கு மட்டும் ஸ்பேனரைத் தூக்கிக் கடாசிட்டான். அது அவன் வண்டி மேலதான் விழுந்துச்சு. அதான் அதுல கெடக்கு. என்ன கோபம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவனை நான் ஏன்க்கா ஏதாச்சும் செய்யணும்? ஒண்ணாப்புல இருந்து ஒரே பெஞ்சு. பெஞ்சுல பாதிக்கு மேல அவன், மிச்சத்துல நான்."

சௌடம்மாள் அவன் தோளைத் தட்டினாள். தட்டுவதற்குக் கையை நன்றாகவே தூக்க வேண்டியிருந்தது. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க வரும்போது உங்க வண்டிச் சத்தத்தைக் கேட்டேன். அதுவும் கீழதான் இடிக்குது. நீங்க, பின்னாடி ஒரு ஆளு. அஞ்சாவது படியில வைங்க. இல்லாட்டி டயரு போயிரும்."

"கொலைக் கேஸ்ல உக்காந்துக்கிட்டு சர்வீஸ் பண்றான்க்கா," என்றான் பாண்டிராஜ். "இவன் கொன்னிருந்தாலும் டோக்கன் போட்டுத்தான் கொன்னிருப்பான்."

*

திருச்சுழி ரோட்டில் வெயில் கரிசலைப் பிளந்து போட்டிருந்தது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை. நடுவில் தார் ரோடு. ரோட்டின் நடுவில் யாரோ கோபத்தில் போட்டது போல ஒரு வேகத்தடை. சௌடம்மாளின் வண்டி அதில் ஏறி இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். பாண்டிராஜ் சீட்டிலிருந்து ஒரு முழம் மேலே போய்த் திரும்பி வந்தான்.

"யக்கா, நான் கீழ வார வரைக்கும் காத்திருந்தீகளே, அதுக்கு நன்றி."

வண்டியை நிழற்குடைக்குள் நிறுத்தினாள். "டூல் பையில கொக்கி ஸ்பேனர் இருக்கும். எடு. அந்தப் பையன் சொன்ன மாதிரி அஞ்சுல வையி."

பாண்டிராஜ் குந்த உட்கார்ந்து, ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்த வளையத்தில் கொக்கியை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். வளையம் ஒவ்வொரு படியாகக் கடகடவென்று ஏறியது. மறுபக்கமும் அதே போல. எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதைத் திருகுறதுக்கு நீங்க எளைக்கிறது சுலபம்க்கா."

"அடி வாங்குவே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி முனகவில்லை. அரை விரல் அளவுக்குத் தாழ்ந்து, சரி என்று நின்றுகொண்டது. சௌடம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. இத்தனை நாள் வண்டி தன்னை ஒரு சுமையாகத்தான் தூக்கிக்கொண்டு போனது, இப்போதுதான் மரியாதை கொடுக்கிறது என்று தோன்றியது. ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக் காலை ஊன்றினாள். ஊன்றியவள் அப்படியே இருந்தாள்.

"ஏலே பாண்டி."

"என்னக்கா?"

"என் குதிகால் தரையில படல."

பாண்டிராஜ் குனிந்து பார்த்தான். படவில்லைதான். காலையில் முழுப் பாதமும் தரையில் இருந்தது. இப்போது விரல்கள்தான் ஊன்றியிருந்தன.

"வண்டி அமுங்கலல்ல. அதான் சீட்டு ஒசந்திருச்சு," என்றான்.

"அதேதான்." சௌடம்மாளின் முகம் மாறியது. "இப்ப சொல்லு. ஒல்லியான ஒருத்தன் கெட்டியா இருக்கிற வண்டியில போனா என்னாகும்?"

"குலுங்கும். இடுப்பு போயிரும்."

"போகட்டுமே. ஒருத்தனை ஏதோ செஞ்சுட்டு அவன் வண்டியோட ஓடுறவன், இடுப்பு வலிக்குதுன்னு ரோட்டோரமா நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து ரெண்டு பக்கமும் படியைத் திருகிக்கிட்டு இருப்பானா?"

"நான்னா திருக மாட்டேன். வலிச்சாலும் ஓடிருவேன்."

"ஆனா காலு தரைக்கு எட்டலைன்னா? அப்ப திருகித்தான் ஆகணும். இல்லாட்டி வண்டியை எடுக்கவே முடியாது. எஸ்.ஐ. பாதிக் கெணறு தாண்டிட்டாரு பாண்டி. காணாமப் போனவன் குண்டுங்கிறதால எல்லாரும் எடையையே நெனைச்சுக்கிட்டு இருக்கோம். அந்தப் படியை எறக்குனது ஒல்லியா இருக்கிறதால இல்ல. குட்டையா இருக்கிறதால."

பாண்டிராஜ் அவள் வண்டியின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"கண்ணாடி!" என்றான்.

"ஆமா. என்னை விடக் கீழ கண்ணு இருக்கிற ஆளு, தனக்குப் பின்னாடி ரோடு தெரியுற மாதிரி கண்ணாடியைத் தாழ்த்தி வச்சிருக்கு. அதனாலதான் அதுல எனக்கு என் வயிறு தெரிஞ்சுச்சு. பிரவின் உக்காந்தா அவன் முட்டிதான் தெரியும்."

"அப்ப குட்டையான, ஒல்லியான ஆளு." பாண்டிராஜ் தன்னையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். "யக்கா, ஞாயித்துக்கெழமை நான் உங்க வீட்டு மோட்டாரைத்தான் ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தேன். ஞாபகம் வச்சுக்கங்க."

*

திருச்சுழி டூவீலர் ஸ்டாண்டை நடத்தும் ஆவுடைத்தாய், கீற்றுக்கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயுற நேரம். பெரிய பைக். ஹெல்மெட். ஒல்லியான ஆள்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள் சௌடம்மாள்.

"பொம்பளப் புள்ளைதான்."

பாண்டிராஜ் தலையில் கை வைத்தான். "இதைப் போலீஸ்ல சொல்லலையா?"

"அவுக எங்க கேட்டாக? ஒல்லியா குண்டாங்கிறாக. ஒல்லிங்கிறேன். சரின்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாக. காக்கிச் சட்டையைக் கூப்பிட்டு நிறுத்தி, நீ கேள்வியைத் தப்பாக் கேட்டேன்னு நானா சொல்றது?"

"முகம் பாத்தீகளா?"

"ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. ஆனா ஒண்ணு." ஆவுடைத்தாய் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "அன்னைக்கு முகூர்த்த நாளு. வண்டி எடுக்க ஒரே கூட்டம். டோக்கனுக்கு ஒருத்தனை ஒருத்தன் ஏறி மிதிக்கிறான். அந்தப் புள்ள வந்து ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. 'வரிசையில நில்லு! கையைக் கட்டு!'ன்னு. மீசை வச்ச ஆளுகள்லாம் சட்டுனு வரிசையில நின்னுட்டாக. ஒருத்தன் கையையும் கட்டிட்டான். இத்தனை வருசத்துல என் ஸ்டாண்டுல வரிசையை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

சௌடம்மாளும் பாண்டிராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பெண் ஸ்ரீமதி இதே திருச்சுழியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர்.

"மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னா, பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது," என்றான் பாண்டிராஜ் மெதுவாக. "ஆளையே காணாமப் பண்ணணுமாக்கா?"

சௌடம்மாள் வண்டியைக் கிளப்பினாள். மாப்பிள்ளை விசாரணையில் அவள் பார்க்காத பெண்ணில்லை. பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க என்னென்ன செய்வார்கள் என்பதும் தெரியும். ஆனால் நூற்று இருபத்தெட்டு கிலோவை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.

*

பள்ளி மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் கோகோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர்களில் ஒருத்தி போல நின்றவள் விசிலை வாயிலிருந்து எடுத்தபோதுதான் டீச்சர் என்று தெரிந்தது. நாலடி பத்து அங்குலம் இருப்பாள். பாண்டிராஜ்கூட அவளுக்குப் பக்கத்தில் நின்றபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"சந்தீப் எங்கம்மா?" என்றாள் சௌடம்மாள்.

"தெரியாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டேனே."

"முதல் படியில வச்சும் கால் சரியா எட்டியிருக்காதே உனக்கு?"

ஸ்ரீமதியின் கை விசிலோடு நின்றுபோனது. ஆனால் முகம் அசையவில்லை. பெரியவர்களை அதட்டிப் பழகிய முகம்.

"கல்யாணம் பிடிக்கலைன்னா தப்பில்ல," என்றாள் சௌடம்மாள். "ஆனா அவனை என்ன பண்ணினேன்னு சொல்லிரு. ராத்திரியில இருந்து பிரவின் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கான். சாயங்காலம் அவன் மேல கேஸ் எழுதப் போறாக."

"பிரவின் அண்ணனா?" இப்போது முகம் உடைந்தது. "அவுகளை எதுக்கு? ஐயோ, அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாதேக்கா!"

"அப்ப உனக்குத் தெரியும்."

ஸ்ரீமதி பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பினாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் கோபம் குறையாமல் பேசினாள்.

"கல்யாணம் பிடிக்கலைன்னு யாரு சொன்னா? நான் அவுகளைத் தொரத்தலக்கா. ஒளிச்சு வச்சிருக்கேன்."

"யாருகிட்ட இருந்து?"

"எங்க மாமாகிட்ட இருந்து. அவுக அப்பாகிட்ட இருந்து."

நிச்சயதார்த்தத்து போட்டோவில் தொடங்கியதாம். ஸ்ரீமதியின் தாய்மாமா வீரபத்திரன் அதைப் பார்த்துவிட்டு, பெண்ணைக் காணோம், மாப்பிள்ளைக்குப் பின்னால் மறைந்துவிட்டாள் என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திம்மையாவிடம் தனியாகப் பேசி, கல்யாணத்துக்கு முன்னாலேயே மதுரையில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேசனுக்கு நாள் குறித்துவிட்டார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேசன். வெளியே தெரிந்தால் கேவலம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மகன் காணாமல் போனபிறகு போலீஸிடமும் திம்மையா அதைச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழமை என்கிட்ட வந்து சொன்னாகக்கா. அப்பாவை எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. 'பண்ணிக்கிறேன், ஆனா பயமா இருக்கு'ங்கிறாக. நாந்தான், நீங்க பண்ணிக்க வேணாம், வண்டியை எடுங்கன்னு சொன்னேன். அந்த டாக்டரு இன்னைக்கு ராத்திரி வெளிநாடு போறாராம், வர ரெண்டு மாசமாகுமாம். அதைத் தாண்டிட்டா கல்யாணத்துக்கு முன்னாடி வேற தேதி கெடையாது. நாளைக்குக் காலையில நாங்களே வெளிய வந்திருப்போம். வண்டி இங்க கெடந்தா, ஏதோ பஸ்ஸு ஏறி எங்கேயோ போயிட்டாகன்னு நெனைப்பாங்கன்னுதான் ஸ்டாண்டுல போட்டேன். பிரவின் அண்ணன் மாட்டுவாகன்னு சத்தியமா நெனைக்கல."

"ரெண்டு பேருமா அந்த வண்டியில போனீக?"

"ஆமா. புது ஸ்பிரிங்குல. ஒரு எடத்துலகூட இடிக்கலக்கா." சொன்னபோது, இத்தனை பதற்றத்துக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

"எங்க வச்சிருக்கே?" என்றான் பாண்டிராஜ். "சின்னப் பொருளா அது?"

*

வீரசோழனில், ஸ்ரீமதியோடு வேலை பார்க்கும் ஜன்னத் டீச்சரின் அப்பா அப்துல் ரவூப்புக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். அவருடைய குடோனை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. கதவு அதிர்ந்தது.

"தலைமறைவா இருக்கிற ஆளுக்கு நல்ல எடமாத்தான் பாத்திருக்காக," என்றான் பாண்டிராஜ், அவனும் தும்மிக்கொண்டே. "ரோட்டுல போற பஸ்ஸுக்கே கேக்கும்."

அப்துல் ரவூப் சிரிக்கவில்லை. "வீட்டு மாடியில இருங்கன்னுதான் சொன்னேன். பொம்பளைங்க புழங்குற வீடு, வேணாம்னு இவராத்தான் இங்க வந்துக்கிட்டாரு. சோறு அனுப்புனா பாதிக்கு மேல திருப்பி அனுப்பிடுறாரு."

வத்தல் மூட்டைகளுக்கு நடுவே சந்தீப் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்து, மூக்கு வீங்கி, இரண்டு நாள் தாடியோடு. வழி காட்டி வந்த ஸ்ரீமதி பிரவினைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான். எழுந்தவன் கதவு வரைக்கும் வந்து நின்றான்.

"ஸ்டேஷன்ல எங்கப்பா இருப்பாரா?"

"இருப்பாரு. கேஸ் எழுதுறதுக்குக் கூப்பிட்டிருப்பாக," என்றாள் சௌடம்மாள்.

"அந்த மாமாவும்?"

"அவரும்தான்."

சந்தீப் கதவைப் பிடித்துக்கொண்டான். பேசியது யாரிடம் என்று தெரியவில்லை. "எங்கம்மாவும் சின்ன ஆபரேசனுக்குத்தான் போனாங்க. அப்ப நான் பத்தாப்பு. சாயங்காலம் வந்துருவேன், சோறு வடிச்சு வச்சிருக்கேன், சாப்பிடுன்னு சொல்லிட்டு, கையை ஆட்டிட்டு உள்ள போனாங்க. மயக்க ஊசி போட்டாங்க. அவ்வளவுதான்." மூக்கைத் துடைத்தான். "எளைக்கிறதுக்குச் சங்கடமில்ல. அந்தக் கதவுக்குள்ள போறதுக்குத்தான். அதை எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அம்மா பேரை எடுத்தாலே அவரு தறிச் சத்தத்துக்குள்ள போயிருவாரு."

பாண்டிராஜ் வந்த தும்மலைத் துண்டால் அமுக்கிக்கொண்டான்.

"மணி நாலாகப் போகுது தம்பி," என்றாள் சௌடம்மாள். "உன் சிநேகிதனுக்கு ஒரு மணி நேரந்தான் இருக்கு."

சந்தீப் கதவை விட்டான்.

*

அப்துல் ரவூப்பின் லோடு ஆட்டோ ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று, பின்னாலிருந்து சந்தீப் இறங்கியபோது, முத்துராஜ் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பார்த்துவிட்டு மூடினார்.

"கேஸ்ல செத்தவரு வந்திருக்காரு சார்," என்றான் பாண்டிராஜ். "எழுதுறதுன்னா அவரையே கேட்டு எழுதிக்கங்க."

சௌடம்மாள் படி, உயரம், கண்ணாடி எல்லாவற்றையும் நான்கு வரியில் சொன்னாள். முத்துராஜ் ஸ்ரீமதியின் உயரத்தைப் பார்த்தார். வெளியே நின்ற பைக்கைப் பார்த்தார். "குட்டை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, நேர்மையான மனிதர், தானே போய் பிரவினைக் கூட்டி வந்து, "மன்னிச்சுக்கப்பா," என்றார்.

பிரவின் சந்தீப்பைப் பார்த்தான். கட்டிப்பிடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். தோளில் ஓங்கி ஒரு குத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்தான். கை முழுசாகச் சுற்றி வரவில்லை.

மூலையில் பெஞ்சில் இருந்த தாய்மாமா வீரபத்திரன் எழுந்தார். "இதென்ன கூத்து? இத்தனை பேரை ஓட விட்டுட்டு! ஆபரேசன் என்ன, ஆளையா கொல்லுது? நல்லதுக்குத்தான சொன்னோம். ஆல்பத்தைப் பாத்தா நாளைக்கு ஊரு சிரிக்காதா?"

"நான் கட்டிக்கப் போறது இவுகளை மாமா," என்றாள் ஸ்ரீமதி. "ஆல்பத்தை இல்ல."

"நீ சும்மா இரு. மாப்பிள்ளை பேசட்டும்."

எல்லாரும் சந்தீப்பைப் பார்த்தார்கள். அவன் வீரபத்திரனைப் பார்க்கவில்லை. பெஞ்சின் இன்னொரு முனையில், வந்ததிலிருந்து வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்தான். திம்மையா சின்ன உடம்புக்காரர். இரண்டு நாளில் இன்னும் சின்னதாகியிருந்தார்.

"எளைக்கணும்னா நடந்து எளைக்கிறேன்ப்பா," என்றான் சந்தீப். "இவகூட கிரவுண்டுல ஓடி எளைக்கிறேன். எளைக்காமலே போனாலும் போறேன். அந்த டேபிள்ல மட்டும் என்னால படுக்க முடியாது. எனக்கு அம்மா ஞாபகம் வருது."

வீரபத்திரன் வாயைத் திறந்தார். சௌடம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

திம்மையா மெதுவாக எழுந்து மகன் முன்னால் வந்து நின்றார். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவன் சட்டையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூசியைத் தட்டிவிட்டார். தட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகு, வீட்டில் பேசும் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். முத்துராஜுக்குப் புரியவில்லை. பாண்டிராஜுக்கும் புரியவில்லை. அதே பாஷை பேசும் வீட்டில் பிறந்த சௌடம்மாள் மட்டும் சட்டென்று முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா சொன்னாரு?" என்று கிசுகிசுத்தான் பாண்டிராஜ். "திட்டுறாரா?"

"இல்லலே. 'பசிக்குதாடா'ன்னு கேக்குறாரு."

சந்தீப் ஆமென்று தலையை ஆட்டினான்.